சிவஞானத்தின் இடது கால்

சிவஞானத்தின் இடது காலுக்கு பக்தி அதிகம். வலது கால் சாதாரணக் கால்தான். மிதிக்கச் சொன்னால் மிதிக்கும், நிற்கச் சொன்னால் நிற்கும். இடது கால் வேறு ஜாதி. சைக்கிளில் போகும்போது வழியில் ஒரு கோபுரமோ, மரத்தடியில் செந்தூரம் பூசிய ஒரு கல்லோ கண்ணில் பட்டால் போதும், யாரையும் கேட்காமல், செருப்பைப் பெடல் மேலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் அரை அங்குலம் எழும்பி அந்தரத்தில் நிற்கும். வலது கை கன்னத்தில் போட்டு முடித்ததும் மறுபடி செருப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். செருப்பு விழாது, சைக்கிளும் ஆடாது. டெல்லிக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

கிழக்குக் கிட்வாய் நகரில், சதுரமான ஒரு பூங்காவுக்கு எதிரே, முதல் மாடி குவார்ட்டர்ஸில் அவர் மனைவி விஜயலக்ஷ்மியோடு குடியிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து புனேவுக்கு அனுப்பியாகிவிட்டது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, அப்பர் டிவிஷன் கிளார்க் ஆகி, அதோடு நின்றுபோனவர். பதவி உயர்வுப் பட்டியல் எப்போது வந்தாலும் அவர் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுக்கும் செலவு. கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு லட்டு சாப்பிடும் வேலை. சிவஞானம் நிறைய லட்டு சாப்பிட்டிருக்கிறார்.

அவரோடு சேர்ந்தவர்கள் ஸ்கூட்டர் வாங்கினார்கள், பிறகு மாருதி வாங்கினார்கள், பிறகு அதை நிறுத்த இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை வாங்கினார்கள். இவர் மட்டும் கறுப்பு சைக்கிளைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் மதுரைக்காரர் செல்வராஜ், எதிர் பிளாக்கில் இருந்தார். தினமும் காலையில் அவர் தன் ஸ்கூட்டரை உதைக்கிற உதையை ஒரு கழுதை வாங்கியிருந்தால் ராஜினாமா கொடுத்திருக்கும். அவர் உதைக்கத் தொடங்கும்போது சிவஞானம் புறப்படுவார். அவர் ஆபீஸ் வந்து சேரும்போது சிவஞானம் இரண்டு ஃபைலை முடித்திருப்பார். செல்வராஜுக்கு அதனால் சைக்கிள் மேலே ஒரு கோபம் உண்டு. அவருடைய இன்னொரு குணம், அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் மோதி பாக் தமிழ்க் குடும்பங்களுக்கும் சரோஜினி நகர் தமிழ்க் குடும்பங்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்ட். பார்லிமெண்ட் நடக்கிற சமயம். அமைச்சருக்கு அன்று ஒரு கேள்வி இருந்ததால், விடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, ஜோர் பாக் பக்கத்துப் பாலத்தில் சிவஞானம் ஏறிக்கொண்டிருந்தார். முன்னால் எட்டுப் பேர், உடம்போடு ஒட்டிய கலர் சட்டையும் தலையில் முட்டை ஓடு மாதிரி தொப்பியுமாக, மெலிந்த டயர் சைக்கிள்களில் போய்க்கொண்டிருந்தார்கள். சிவஞானத்துக்கு அவர்களைத் தோற்கடிக்கும் எண்ணமே கிடையாது. கேள்வி எண் நூற்று முப்பத்திரண்டுக்குப் பதில் டைப் ஆகவில்லை, அவ்வளவுதான். மணி அடித்தார், வழி கேட்டார், எட்டுப் பேரையும் தாண்டினார், இறக்கத்தில் மறைந்தார்.

சிக்னலில் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நின்றாள். முப்பது வயதிருக்கும்.

"பையா, ஆப் ரோஸ் சலாத்தே ஹைன்?" என்று, தினமும் ஓட்டுவீர்களா என இந்தியில் ஆரம்பித்தவள், நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் மாறினாள். "நீங்க தமிழா அங்கிள்? நானும் தமிழ்தான். தோடா தோடா தமிழ், கொஞ்சம் கொஞ்சம்."

அவள் பெயர் ஸ்வப்னா. பல் டாக்டர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"சண்டே எங்ககூட வாங்க அங்கிள். இந்த டிபன் கேரியர் மட்டும் வேண்டாம். எங்க பசங்களுக்கு இன்ஸல்ட் ஆயிருச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறுப்பு சைக்கிளிலேயே போனார். மூன்றாவது வாரம், சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் சமையல் வேலை பார்க்கும் சுப்பையா மூலமாக, ஊருக்குக் கிளம்பும் ஒரு வெள்ளைக்காரரின் சைக்கிள் கைக்கு வந்தது. நீல நிறம், ஒரு கையால் தூக்கிவிடலாம். என்ன விலை என்று விஜயலக்ஷ்மி கேட்டபோது, "சும்மா மாதிரிதான்" என்றார். அந்த விலையை இங்கேயும் எழுதாமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

சைக்கிளில் ஒரே குறை, பெடல் இல்லை. பெடல் இருக்க வேண்டிய இடத்தில் கரண்டி முனை மாதிரி இரண்டு சின்ன உருப்படிகள் இருந்தன. உடைந்துவிட்டது என்று நினைத்து, கறுப்பு சைக்கிளின் பெடலைக் கழற்றி இதில் மாட்டினார். அடுத்த ஞாயிறு, பாலத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று மிதித்தபோது ரப்பர் செருப்பு வழுக்கியது. பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. எட்டுப் பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருவன் 'கோயி பாத் நஹீன் அங்கிள்', பரவாயில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு வேறு போனான்.

"அது உடைஞ்சதில்லை அங்கிள்," என்றாள் ஸ்வப்னா, காயத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அதுதான் க்ளிப்லெஸ் பெடல். ஷூவுக்கு அடியில ஒரு பீஸ் இருக்கும். பெடல் அதை டக்னு பிடிச்சுக்கும். கால் வழுக்கவே வழுக்காது. மேல வர்ற காலும் வேலை செய்யும்."

"இறங்கணும்னா?"

"குதிகாலை வெளிய திருப்பணும். பஸ், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் அவள் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். பிப்ரவரி மாதம் ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர். ஜெய்ப்பூர் ரோட்டில் ராஜஸ்தான் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. வருகிறவர்கள் பட்டியல் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. முதல் பெயர் சிவஞானம். கோடு எதுவும் போடவில்லை. அவர் அதை இரண்டு தரம் படித்து, எட்டாக மடித்து, சட்டைப் பையில் அரசாங்க அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தார்.

ஷூ வாங்க இருவரும் ஜண்டேவாலான் போனார்கள். டெல்லியில் சைக்கிள் சாமான் என்றால் அந்தச் சந்துதான். அங்கே ஒரு சர்தார்ஜி, மேல் பரணிலிருந்து தூசி தட்டி இரண்டு பெட்டி எடுத்துப் போட்டார். ஒன்று பந்தயக்காரர்கள் போடுவது. அடியில் மூன்று ஸ்க்ரூ வைத்து முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலடி நடந்து பார்த்தார் சிவஞானம். கண்ணாடியில் ஒரு வாத்து தெரிந்தது. இன்னொன்று இரண்டு ஸ்க்ரூ வைத்தது. தீப்பெட்டியில் பாதி அளவு இரும்புத் துண்டு, ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் ஒடுங்கியிருந்தது. நடந்தால் கொஞ்சம் டக்டக் என்றது, அவ்வளவுதான்.

"முதல்ல காட்டினதுதான் ஃபாஸ்ட் அங்கிள். வெள்ளைக்காரன் பெடலுக்கும் அதுதான் செட் ஆகும்," என்றாள் ஸ்வப்னா.

சிவஞானம் யோசித்தார். "இதப் போட்டுக்கிட்டு கோயில் வாசல்ல கழத்தி வச்சா ஒருத்தனும் எடுத்துட்டுப் போக மாட்டான். எடுத்தவன் நாலடி நடந்ததும் திருப்பிக் கொண்டாந்து வச்சுருவான். அது வரைக்கும் நல்லதுதான்." கொஞ்ச நேரம் இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "ஆனா நம்ம ஆபீஸ் படி மொசைக்குல்லா. அண்டர் செக்ரட்டரி முன்னால போய் விழ முடியாது தாயி."

இரண்டு ஸ்க்ரூ ஷூவும், அதற்குச் சேர்ந்த பெடலும் வாங்கினார். சர்தார்ஜி இரும்புத் துண்டை ஷூவின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுக்கு நேராக வைத்து முறுக்கினார். பெடலின் ஸ்ப்ரிங்கை எவ்வளவு தளர்த்தலாமோ அவ்வளவு தளர்த்தினார். பிறகு கையால் செய்து காட்டினார்: கால் வெளியே வர வேண்டுமானால் குதிகாலைத் திருப்ப வேண்டும், மேலே இழுத்தால் பத்து எருமை வந்தாலும் வராது. "ஔர் ஹர் இத்வார்," என்று விரலை ஆட்டினார், "ஸ்க்ரூ டைட்." ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்க்ரூவை முறுக்கு என்று அர்த்தம். சிவஞானம் தலையாட்டினார். டாக்டர் சொன்னால் ஆட்டுவது போல.

மூன்று நாள் மாடிப்படி முகப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினார். டக் என்று மாட்டுவது, குதிகாலைத் திருப்பி எடுப்பது. அறுபது தரம் மாட்டி, அறுபது தரம் எடுத்தார். கீழ் வீட்டு ஆள் மேலே வந்து, ஏதாவது ஆணி அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். சுவருக்குப் பக்கத்தில் சாமி இல்லை.

நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. சரோஜினி நகர் பிள்ளையார் கோயில் பக்கம் காலையில் நல்ல கூட்டம். நீல சைக்கிளில், புது ஷூவில், சிவஞானம் நிதானமாக வந்தார். கோபுரம் தெரிந்தது. வலது கை கன்னத்துக்குப் போனது. இடது கால், இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற மாதிரி, மேலே எழும்பியது.

எழும்பியது என்றால், எழும்பப் பார்த்தது. பெடல் விடவில்லை. கால் மேலே இழுக்க, பெடல் கூடவே மேலே வர, சைக்கிளும் அவரும் ஒரு மரம் வெட்டுப்பட்டு யோசித்து யோசித்துச் சாய்கிற மாதிரி சாய்ந்தார்கள். விழுந்த இடம் பூக்காரியின் கூடை. பூக்காரி பிள்ளையாரை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டுத் திட்டினாள். பின்னால் வந்த ஒரு பஸ், பிரேக் அலற, ஒரு முழம் தள்ளி நின்றது.

பிரசாதத் தொன்னையோடு கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மி அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள்.

வீட்டில் அவள் காயத்துக்கு டெட்டால் போட்டாள். காதோரம் ஒட்டியிருந்த மல்லிகைப் பூவை அவர் எடுத்துக் கீழே போட்டார்.

"பழைய பெடல மாட்டுனா என்ன?" என்று கடைசியில் கேட்டாள்.

"அதுல அவ்வளவு தூரம் முடியாது விஜயா. கால் வழுக்குது, முட்டி போயிரும்."

"எவ்வளவு தூரம்? எதுக்குப் போகணும்? உங்களுக்கு என்ன அங்க தாசில்தார் வேலையா குடுக்கப் போறாவ?"

சிவஞானம் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவள் முன்னால் வைத்தார். இங்கிலீஷில் இருந்தது. அவளுக்கு அவர் பெயரை மட்டும் எந்த மொழியிலும் படிக்கத் தெரியும்.

"மொதப் பேரா போட்டுருக்காவ?"

"ஆமா."

"யாரு அடிச்சா? நீங்களே அடிச்சியளோ?"

"அந்தப் பல் டாக்டர் பொண்ணு."

அவள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"சரி. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ விழுந்திய, நான் பாத்தாலும் சரி, ஊரு சொல்லிக் கேட்டாலும் சரி, மறுநாள் காலைல பழைய சாமான் வாங்குற கபாடிவாலாவக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுருவேன். இருநூறு கிலோமீட்டரும் கிடையாது, இரண்டு கிலோமீட்டரும் கிடையாது. ஆபீசுக்கு செல்வராஜ் அண்ணன் ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து போங்க. சத்தியம் பண்ணுங்க."

பஸ்ஸுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. செல்வராஜ் ஸ்கூட்டரில் பின்னால் என்றதும் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. பிள்ளையார் படம் போட்ட காலண்டருக்கு முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தார்.

ஆபீசில் செல்வராஜ் காத்துக்கொண்டிருந்தார். விஷயம் சிவஞானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இன்னும் சொல்லப்போனால் வளர்ந்துவிட்டது. பூக்காரி இரண்டு பேர் ஆகியிருந்தாள், பஸ் சைக்கிள் மேலே ஏறி இறங்கியிருந்தது.

"அண்ணே, நான் கேள்விப்பட்டது நிசமா? பேரு மட்டும் கிளிப்பே இல்லாத பெடலாம்ல. கவ்வுனா முதலையாம்ல. பிள்ளையாரே வேண்டாம்னுட்டாரு பாருங்க. கால்ல விழுந்து கும்பிடுறவனப் பாத்துருக்கேன், சைக்கிளோட விழுந்து கும்பிட்டது நீங்கதாண்ணே."

செக்‌ஷன் சிரித்தது. சிவஞானமும் சிரித்துவைத்தார். உள்ளே மட்டும் கணக்கு ஓடியது: வேறு வழியில் போனால் என்ன? அன்று மாலை கோயில் இல்லாத வழியாகப் போய்ப் பார்த்தார். டெல்லியில் அப்படி ஒரு வழி கிடையாது. வேலி ஓரத்தில் அனுமார், பாலத்துக்குக் கீழே ஒரு தர்கா, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மாதா, மரத்தடிக் கல். தர்காவுக்கும் அந்தக் கால் எழும்பும். அதற்கு வித்தியாசம் தெரியாது. வீட்டிலிருந்து இந்தியா கேட் வரை எண்ணிப் பார்த்தார். பூங்கா மூலை அரசமரத்தடிக் கல்லில் தொடங்கி மொத்தம் பதினொரு சாமி. பதினொரு தரம் விழ வாய்ப்பு.

ஸ்வப்னாவிடம் சொன்னார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், எங்க பசங்க சிக்னல் வந்தாதான் ப்ராக்டிஸ் பண்றாங்க. உங்களுக்கு லெவன் சிக்னல் ஃப்ரீயா கிடைச்சிருக்கு. சாமி வந்தா காலைத் தூக்காதீங்க, குதிகாலைத் திருப்புங்க. வெளிய எடுங்க. நமஸ்தே பண்ணுங்க. டக். உள்ள. பஸ்."

சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக் காலிடம் யார் சொல்வது? முதல் வாரம் மரத்தடிக் கல்லுக்கு இருபது அடி முன்னாலேயே சைக்கிளை மெதுவாக்கி, "திருப்பு, திருப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவார். பூங்காவில் நடைப்பயிற்சி செய்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். விஜயலக்ஷ்மி பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஈரத் துணி கையிலேயே இருக்கும். கால் வெளியே வந்ததும்தான் கொடியில் ஏறும்.

தீபாவளி கழிந்தபோது கால் பாதி கற்றிருந்தது. பனிமூட்டம் வந்தபோது முழுக்கக் கற்றுவிட்டது. சாமியைக் கண்டால் குதிகால் தானாக வெளியே திரும்பும், டக் என்ற சத்தம், கால் அந்தரத்தில், கன்னத்தில் கை, மறுபடி டக். வலது காலை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அது பெடலோடு கிடந்தது. சிக்னலிலும் இடது காலை எடுத்துத்தான் நடைபாதை ஓரத்தில் ஊன்றுவார்.

ஸ்க்ரூ விஷயம்? முதல் மூன்று ஞாயிறு முறுக்கினார். பிறகு மறந்துவிட்டார்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, விடியும் முன்பு கிளம்பினார்கள். விஜயலக்ஷ்மி வாழைப்பழமும், எலுமிச்சை சாதத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகவும் கட்டிக் கொடுத்திருந்தாள். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. ராஜஸ்தான் எல்லையில் பலகையைத் தொட்டுத் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறைந்தது. மற்ற எட்டுப் பேரும் மாறி மாறி முன்னால் வந்து களைத்தார்கள். பிறகு சிவஞானம் முன்னால் போனார். ஷூவும் பெடலும் ஒரே இரும்பு போல் ஒட்டிக்கொண்டு, போகிற காலும் வருகிற காலும் வேலை செய்தன. அவர் முதுகுக்குப் பின்னால், அவர் கிழிக்கிற காற்றில் ஒளிந்துகொண்டு, டாக்டரும் என்ஜினியரும் கம்பெனி மேனேஜர்களும் வரிசையாக வந்தார்கள். மனேசர் வரைக்கும் ஒருவனும் முன்னால் வரவில்லை. சிவஞானம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அது ஒரு பட்டியல் மாதிரியே இருந்தது.

மகிபால்பூர் பக்கத்தில் கடைசி டீ. ஜல்லி கொட்டிய இடம். டக்டக் என்று நடந்து போய், இரண்டு டீ குடித்து, எல்லோரிடமும் கை குலுக்கினார். அவரவர் வீட்டுக்குப் பிரிந்தார்கள். "நெக்ஸ்ட் ஜெய்ப்பூர் அங்கிள்!" என்று கத்திவிட்டுப் போனாள் ஸ்வப்னா. அந்த ஜல்லியில் எங்கேயோ இடது ஷூவின் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று கழன்று விழுந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

மோதி பாக் குருத்வாராவைப் பார்த்ததும் கை கன்னத்துக்குப் போனது. குதிகால் திரும்பியது. டக் வரவில்லை. இன்னும் திருப்பினார். ஷூ கடிகார முள் மாதிரி சுற்றியது. இரும்புத் துண்டு மட்டும் பெடலின் வாயில் அசையாமல் இருந்தது. ஒற்றை ஸ்க்ரூவில் அது பம்பரமாகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் இனி அது வராது.

சிவஞானத்துக்கு வியர்த்தது. இருநூறு கிலோமீட்டரில் வராத வியர்வை.

வலது கால் இருக்கிறதே என்று நினைத்தார். அடுத்த சிக்னல் சிவப்பானபோது வலது காலை எடுத்தார், வந்துவிட்டது. ஆனால் உடம்பு பழக்கத்தில் இடது பக்கமே சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் கம்பியைக் கடைசி நொடியில் பிடித்துக்கொண்டார்.

"க்யா ஹுவா அங்கிள், தக் கயே?" என்றான் ஆட்டோக்காரன். களைத்துவிட்டாயா என்கிறான்.

"நஹீன் பையா. பஸ், ஐசே ஹீ," சும்மாதான் என்றார் சிவஞானம், கம்பியை விடாமல்.

அதற்குப் பிறகு சிக்னல்களில் மெதுவாக ஊர்ந்து, பச்சை வரும்வரை வட்டமடித்து, பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது காலை அசைக்காமல் மனதால் மட்டும் கும்பிட்டு, எப்படியோ கிட்வாய் நகருக்குள் வந்துவிட்டார்.

பூங்காவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். செல்வராஜ் வேலை. சைக்கிள்மேல் கோபம் இருந்தாலும், ஒரு செய்திக்கு முதல் ஆளாக நிற்கும் பாக்கியத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "வந்துட்டாரு! இருநூறு கிலோமீட்டர்! நம்ம செக்‌ஷன்!" என்று கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சிவஞானம் சிரித்தார், நிற்கவில்லை. பூங்காவை ஒரு சுற்று வந்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இரண்டாவது சுற்றும் வந்தார்.

"பாத்தீங்களா தெம்ப!" என்றார் செல்வராஜ். "இன்னும் சுத்துறாருய்யா!"

மூன்றாவது சுற்றில் ஒரு முறை நிற்கப் பார்த்தார். வலது காலை எடுத்தார், சைக்கிள் இடது பக்கம் தள்ளாடியது, பயந்து மறுபடி மிதித்தார். கை தட்டு கொஞ்சம் குறைந்தது. கால் மரத்துக்கொண்டு வந்தது. விழுந்தால் ஊரே பார்க்க விழ வேண்டும். விழாவிட்டால் நாளைக் காலை வரை சுற்ற வேண்டும். முதல் பெயர், நீல சைக்கிள், ஜெய்ப்பூர் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. செல்வராஜின் ஸ்கூட்டர் சீட்டு ஓரத்தில் காலியாகக் காத்திருந்தது.

பால்கனியில் விஜயலக்ஷ்மி சப்பாத்தி மாவுக் கையோடு நின்றாள். அவள் கை தட்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அரசமரத்தடிக் கல்லைத் தாண்டும்போது அவர் கை கன்னத்துக்குப் போகிறது. கால் எழும்பவில்லை. நாலு சுற்று பார்த்தாள். அந்தக் கால் சாமிக்கு எழும்பாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

ஐந்தாவது சுற்றில் அவள் கீழே வந்து ரோட்டின் நடுவில் நின்றாள்.

"கால் மாட்டிக்கிட்டா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ம்," என்றார், அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே.

அடுத்த சுற்று வருவதற்குள் அவள் சேலையைச் சொருகிக்கொண்டாள். இடது பக்கமாகத் தள்ளி, கால்களை அகட்டி நின்றுகொண்டாள்.

"மெதுவா வாங்க. இந்தப் பக்கம் சாயுங்க. நான் இருக்கேன்."

வந்தார். பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது, சாய்ந்தது. விஜயலக்ஷ்மி ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் அவர் விலாவையும் தாங்கிப் பிடித்தாள். வளையல் ஒன்று உடைந்தது. அவர் கலர் சட்டையில் ஐந்து விரல் மாவு அச்சு விழுந்தது. சைக்கிள் முக்கால்வாசி சாய்ந்து, அவள் இடுப்பில் நின்றது.

கை தட்டு முழுக்க நின்றுபோனது. செல்வராஜ் ஓடி வந்தார்.

"என்னக்கா, அண்ணன் விழுந்துட்டாரா?"

நாளைக் காலைக்குள் மோதி பாக் வரை போகப்போகிற கேள்வி அது. சிவஞானம் விஜயலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்தார்.

"யாரு விழுந்தா?" என்றாள் அவள். "ரொட்டி ஆறுதுன்னு நான்தான் இறங்கச் சொன்னேன். இறங்குதாரு. நீங்க போய் உங்க வண்டிய ஓரமா எடுத்து விடுங்கண்ணே, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கி."

செல்வராஜ் அவளையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உதைக்கப் போனார்.

சிவஞானம் அப்போதும் குதிகாலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "வர மாட்டேங்குது விஜயா. ஸ்க்ரூ போயிருச்சு. அடியில கை விட்டு..."

"எதுக்கு இந்தப் பாடு? செருப்ப விட்டுட்டு கால மட்டும் எடுங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஷூவின் இரண்டு ஒட்டுப் பட்டையையும் பிரித்துத் திறந்தார். கால் வெளியே வந்தது. ஷூ பெடல் மேலேயே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கால் செய்துகொண்டிருந்தது அதைத்தான். மோதி பாக்கிலிருந்து இதுவரை அவருக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாகப் படி ஏறினார், டக், தொப், டக், தொப் என்று. விஜயலக்ஷ்மி சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். படிக்கடியில் அதைச் சாத்தி வைத்து, பெடலில் தொங்கிய ஷூவை ஒரு சுண்டு சுண்டினாள். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அடுத்து எங்க?"

"ஜெய்ப்பூர்னு சொல்லுதாவ."

"அதுலயும் மொதப் பேரா?"

"இன்னும் அடிக்கல."

"நாளைக்கு ஆபீஸ் விட்டு வரும்போது அந்த சர்தார் கடையில ஸ்க்ரூ வாங்கிட்டு வாங்க," என்றாள். "நாலா வாங்குங்க. காலண்டருக்குப் பக்கத்துல நான் வச்சுக்கிடுதேன்."